மரம் அறுக்கும் மெஷின்: 6 ஆயிரமா, 60 ஆயிரமா? ஓசூர் எல்லையில் ஒரு அலசல்

ஓசூர்:

மரம் அறுக்கும் மெஷின் சுமார் 6 ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. 60 ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பெட்ரோல் ஊற்றி, கயிறு இழுத்தால் சத்தம் போட்டு ஓடும். மரத்தில் வைத்தால் அறுக்கும். அப்புறம் எதுக்கு பத்து மடங்கு விலை?

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை பகுதியில் மெஷின் வாங்கப் போகிற ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி இதுதான். செயின் சா, பவர் சா, ரம்ப மெஷின் என்று ஆளுக்கொரு பேர் வைத்திருந்தாலும் கவலை ஒன்றுதான். போட்ட காசு திரும்ப வருமா, பாதி வேலையில் காலை வாருமா?

ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. தினமும் மரம் அறுப்பவருக்கு ஒரு கணக்கு. வருஷத்தில் நாலு நாள் தோட்டத்தில் கிளை கழிப்பவருக்கு வேறு கணக்கு. இதைக் குழப்பிக் கொண்டுதான் பலர் பணத்தை விடுகிறார்கள். சிலர் காலையும் விடுகிறார்கள்.

இங்கே ஏன் இவ்வளவு கிராக்கி?

2019-ல் மாநகராட்சி ஆன ஓசூர், நாலு பக்கமும் வளர்ந்து கொண்டே போகிறது. லே-அவுட் போடும் இடத்தில் முதல் வேலை மரத்தை எடுப்பது. ஓசூரில் இருந்து ராயக்கோட்டை வழியாக தர்மபுரி போகும் நாலு வழிச்சாலை போன்ற பணிகளிலும் முதலில் சத்தம் கேட்பது இந்த மெஷின்தான்.

சிப்காட் தொழிற்சாலைகளில் இருந்து சரக்கு போக வேண்டுமானால் மரப் பேலட், மரப் பெட்டி வேண்டும். அதற்குத் தைலமரம், சில்வர் ஓக் போன்ற மரங்களை அறுக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் மாந்தோப்பு. கிருஷ்ணகிரி என்றாலே மாங்காய்தான். 2025 கோடையில் பெங்களூரா மாங்காய் விலை அடியோடு சரிந்ததும், விவசாயிகள் வீதிக்கு வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. விலை இல்லாத போது பழைய தோப்பை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. மரத்தையே எடுத்து விடலாமா, இல்லை தலையை வெட்டி மறுபடி துளிர்க்க விடலாமா? எப்படி முடிவு செய்தாலும் மெஷின் வேண்டும்.

மழையும் சேர்ந்து கொள்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கார், வேன்களை வெள்ளம் இழுத்துச் சென்ற காட்சியை தமிழ்நாடே பார்த்தது. கடலோரத்துக்கு மட்டும்தான் புயல் என்று இருந்த நினைப்பு அன்றோடு போனது. ரோட்டில் மரம் விழுந்தால் ஆம்புலன்ஸ் நிற்கும், பஸ் நிற்கும், கரண்ட் நிற்கும். அந்த நேரத்தில் கயிறு இழுத்ததும் ஓடாத மெஷின் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மூன்று ஜாதி மெஷின்

கடையில் இருக்கும் மெஷின்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் ரகம், விலை மலிவான இறக்குமதி மெஷின். 52 சிசி, 58 சிசி என்று எழுதி, 20 அல்லது 22 அங்குல பார் போட்டு வரும். ஆன்லைனிலும் ஹார்டுவேர் கடையிலும் விதவிதமான பேரில், விதவிதமான கலரில் கிடைக்கும். ஸ்டிக்கர்தான் வேறு, உள்ளே இருக்கும் என்ஜின் பெரும்பாலும் ஒரே சாயல்.

இரண்டாவது ரகம், பெரிய கம்பெனியின் சின்ன மெஷின். ஜெர்மனியின் ஸ்டில் கம்பெனியில் எம்எஸ் 180, எம்எஸ் 250 போன்றவை. சுவீடனின் ஹஸ்க்வர்னாவில் 445, 450 போன்றவை. 32 சிசியில் இருந்து 50 சிசி வரை. எடை 4, 5 கிலோ.

மூன்றாவது ரகம்தான் தொழில்முறை மெஷின். ஸ்டில் எம்எஸ் 382, ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி போன்றவை. 70 சிசிக்கு மேல். பார், செயின் இல்லாமலே எடை 6 கிலோவைத் தாண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பெனி பேர் பெரிசா இருந்தால் எல்லா மெஷினும் தினசரி வேலை தாங்கும் என்று நினைக்கிறார்கள். அது தப்பு. ஸ்டில் ஆனாலும் ஹஸ்க்வர்னா ஆனாலும், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் என்று செய்கிற மெஷின் வேறு, காட்டு வேலைக்கு என்று செய்கிற மெஷின் வேறு. தொழில்முறை மெஷினில் என்ஜினைத் தாங்கும் கூடு மெக்னீசியத்தில் இருக்கும். கழற்றி மாட்டி, பிஸ்டன் மாற்றி, பல வருஷம் ஓட்டலாம். சின்ன மெஷின்களில் பலவற்றில் என்ஜின் பிளாஸ்டிக் உடம்புக்குள் உட்கார்ந்திருக்கும். தோட்டத்துக்கு அது தாராளம். தினம் 6 மணி நேரம் புளியமரம் அறுக்க அது செய்யப்படவில்லை.

ஸ்டில்லா, ஹஸ்க்வர்னாவா?

ரஜினியா கமலா மாதிரி இதுவும் முடியாத சண்டை. ஸ்டில் 1926-ல் தொடங்கிய கம்பெனி. ஹஸ்க்வர்னா 1689-ல் துப்பாக்கி செய்யும் ஆலையாக ஆரம்பித்து, 1959-ல் மரம் அறுக்கும் மெஷினுக்கு வந்தது. 70 சிசி ரகத்தில் இரண்டு கம்பெனி மெஷினும் உலகம் முழுக்க காடுகளில் வேலை செய்து பேர் வாங்கியவை. சக்தியிலும் எடையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? உங்கள் ஊருக்குப் பக்கத்தில் யாருடைய சர்வீஸ் கடை இருக்கிறது, அந்தக் கடையில் மெக்கானிக் இருக்கிறாரா, விற்பனை செய்பவர் மட்டும்தானா என்று பாருங்கள். தேன்கனிக்கோட்டையில் வேலை செய்பவருக்கு 20 கிலோமீட்டரில் ரிப்பேர் ஆகும் மெஷின்தான் நல்ல மெஷின். அதைவிட ஒரு படி மேலான மெஷின் பெங்களூருவில் மட்டும்தான் ரிப்பேர் ஆகும் என்றால், அது இவருக்கு மட்டம்தான்.

இன்னொரு விஷயம். ஜப்பானின் மகிதா கம்பெனி 2022-ல் பெட்ரோல் என்ஜின் கருவிகள் உற்பத்தியையே நிறுத்தி விட்டு பேட்டரிக்குப் போய்விட்டது. பழைய பெட்ரோல் மெஷின் மலிவாக வருகிறதே என்று வாங்குபவர்கள், இன்னும் 5 வருஷம் கழித்து உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வாங்குவது நல்லது.

58 சிசி மர்மம்!

மலிவு மெஷின் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 58 என்று இருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் கையேட்டைப் பிரித்து சிலிண்டர் விட்டம் எவ்வளவு, ஸ்ட்ரோக் எவ்வளவு என்று பாருங்கள். 45.2 மில்லிமீட்டர் விட்டம், 34 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்று இருந்தால் கணக்குப் படி வருவது 54.5 சிசிதான். மீதி 3.5 சிசி ஸ்டிக்கரில்தான் இருக்கிறது.

சிசி அதிகம் என்பதால் சக்தி அதிகம் என்றும் சொல்ல முடியாது. எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். எம்எஸ் 250 மெஷின் 45 சிசிதான். ஆனால் 2.3 கிலோவாட் தருகிறது. எம்எஸ் 382 மெஷின் 72 சிசியில் 3.9 கிலோவாட் தருகிறது. கிலோவாட்டே போடாமல் சிசியை மட்டும் பெரிசாகப் போடும் பெட்டியைக் கண்டால் உஷார்.

அமெரிக்காவில் கையில் பிடிக்கும் என்ஜின்களுக்குப் புகை விதி இருக்கிறது. அதில் 50 மணி நேரம், 125 மணி நேரம், 300 மணி நேரம் என்று மூன்று வகை. அத்தனை மணி நேரம் ஓடும் வரை புகை அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும். இது மெஷினின் ஆயுள் கணக்கு அல்ல. ஆனாலும் எந்த மெஷினை எவ்வளவு உழைப்புக்குச் செய்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் புரிந்து விடும். தினம் 5 மணி நேரம் அறுத்தால் 50 மணி என்பது 10 நாள். 300 மணி என்பது 60 நாள்!

பணக் கணக்கு இதோ

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இதில் உள்ள தொகையை மாற்றி, உங்கள் கூலி, உங்கள் வண்டி வாடகையைப் போட்டுக் கொள்ளுங்கள்.

நாலு பேர் கொண்ட குழு. வருஷத்தில் 200 நாள் வேலை. மெஷின் நின்றால் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 4 ஆயிரம் ரூபாய் நஷ்டம் என்று வைத்துக் கொள்வோம்.

மலிவு மெஷின் 8 ஆயிரம் ரூபாய். தினசரி வேலைக்கு வருஷத்துக்கு இரண்டு வாங்க வேண்டி வந்தால் 16 ஆயிரம். உதிரிபாகம் 6 ஆயிரம். ஆக 22 ஆயிரம்.

தொழில்முறை மெஷின் 55 ஆயிரம் ரூபாய். மூன்று வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு சுமார் 18,500. உதிரிபாகம் விலை ஜாஸ்தி, 10 ஆயிரம். ஆக 28,500.

இதோடு நிறுத்தினால் மலிவு மெஷின்தான் 6,500 ரூபாய் லாபம். கடைக்காரர் சொல்லும் கணக்கு இந்த இடத்தில் முடிந்து விடும். ஆனால் குழுவின் கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மலிவு மெஷின் வருஷத்தில் 12 நாள் வேலையை நிறுத்தினால் நஷ்டம் 48 ஆயிரம். தொழில்முறை மெஷின் 3 நாள் நிறுத்தினால் 12 ஆயிரம். இப்போது கூட்டுங்கள். மலிவு மெஷினுக்கு 70 ஆயிரம். தொழில்முறை மெஷினுக்கு 40,500. வித்தியாசம் 29,500 ரூபாய்!

அதாவது வருஷத்துக்கு இரண்டு நாள் கூடுதலாக வேலை நின்றாலே மலிவு விலையில் கிடைத்த லாபம் காலி. மெஷின் நின்ற நாளில் மேஸ்திரிக்கு நஷ்டம் என்றால், கூலிக்கு வந்தவருக்கு அன்றைய சாப்பாடே கேள்விக்குறி.

இதே கணக்கை ஒரு விவசாயிக்குப் போடுங்கள். வருஷத்தில் 5 நாள்தான் வேலை. 8 ஆயிரம் ரூபாய் மெஷின் 4 வருஷம் வந்தால் வருஷத்துக்கு 2 ஆயிரம். 55 ஆயிரம் ரூபாய் மெஷின் 10 வருஷம் வந்தாலும் வருஷத்துக்கு 5,500. ஒரு நாள் மெஷின் நின்றாலும் அவருக்கு குடி முழுகாது, நாளைக்கு அறுத்துக் கொள்வார். ஆக, தோட்டக்காரர் பெரிய மெஷினைத் தோளில் தூக்கிக் கொண்டு திரிவது வெட்டி கௌரவம்தான்.

மெஷின் நிற்பது எதனால்?

நல்ல மெஷினும் நிற்கும். காரணம் பெரும்பாலும் கம்பெனி அல்ல, பராமரிப்பு.

முதல் குற்றவாளி மழுங்கிய செயின். அறுக்கும்போது சில்லு சில்லாக வந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. மாவு மாதிரி தூள் பறந்தால் மழுங்கி விட்டது. மழுங்கிய செயினை அழுத்தி அழுத்தி அறுத்தால் என்ஜின் சூடாகும், பார் தேயும், பெட்ரோல் கரையும், கை வலிக்கும்.

இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் செயினின் பல் அமைப்புக்குக் காரணம் ஒரு புழு! அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மரம் வெட்டி வந்த ஜோ காக்ஸ் என்பவர், மரத்தைத் துளைக்கும் வண்டுப் புழு இடமும் வலமும் மாறி மாறிக் கடிப்பதை 1946-ல் கவனித்தார். அதைப் பார்த்து அவர் செய்த செயின் 1947-ல் விற்பனைக்கு வந்தது. இடது பல், வலது பல் என்று மாறி மாறி இருப்பது அதனால்தான். ஒரு பக்கம் மட்டும் அதிகம் அரம் போட்டால் அறுப்பு கோணலாகப் போவதும் அதனால்தான்.

அரத்துக்கும் அளவு உண்டு. சின்ன மெஷினில் வரும் மெல்லிய 3/8 அங்குல ரக செயினுக்கு 4 மில்லிமீட்டர் வட்ட அரம். 0.325 அங்குல செயினுக்கு 4.8 மில்லிமீட்டர். பெரிய மெஷின் செயினுக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர். கையில் கிடைத்த அரத்தை எல்லாம் போட்டு ராவினால் பல் போய்விடும். தென்னை, பனை அறுத்தாலும், ரோட்டோர மரத்தின் புழுதி படிந்த பட்டையில் வைத்தாலும் செயின் சீக்கிரம் மழுங்கும். பழைய ஆணி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது குற்றவாளி ஆயில். 2டி ஆயில் ஓசூருக்குப் புதுசு இல்லை. 1980-ல் டிவிஎஸ் 50 மொபட் பிறந்த ஊர் இது. ஆனால் மொபட்டுக்கு ஊற்றிய பழக்கத்தில் மெஷினுக்கு ஊற்றக் கூடாது. இது நிமிஷத்துக்கு 12 ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் என்ஜின். பெரிய கம்பெனிகள் தங்கள் ஆயிலுக்கு 1-க்கு 50 என்கின்றன. அதாவது லிட்டருக்கு 20 மில்லி. மலிவு மெஷின்கள் பலவற்றில் 1-க்கு 25, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. இதை மாற்றிப் போட்டால் ஒன்று பிஸ்டன் கீறும், இல்லை பிளக் அடைக்கும். கையேட்டில் உள்ளதே வேதவாக்கு.

இ-20 பெட்ரோல் வந்த பிறகு...

மூன்றாவது விஷயம் புதுசு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2023-ல் சில பங்க்குகளில் ஆரம்பித்து, 2025-ல் நாடு முழுக்க வந்து விட்டது. பைக், கார் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். மரம் அறுக்கும் மெஷினைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் அதிகம் அடிபடுவது இந்த மாதிரி சின்ன என்ஜின்தான். காரில் உள்ளது போல கலவையைத் தானாகச் சரி செய்யும் வசதி சாதாரண கார்புரேட்டரில் கிடையாது. எத்தனால் கூடினால் கலவையில் காற்று மிஞ்சும், என்ஜின் சூடு ஏறும். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். கேனில் மாதக்கணக்கில் வைத்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கி விடும். அது ஆயிலோடு சேராது. அதை உறிஞ்சிய என்ஜினுக்கு உயவே இல்லை. கார்புரேட்டரில் உள்ள மெல்லிய ரப்பர் தகடும் விறைத்துப் போகும். மழை சீசன் முடிந்து மெஷினை எடுத்தால் கயிறு இழுத்து இழுத்துத் தோள்தான் கழலும்.

மெஷின் வாங்கும்போது எத்தனை சதவீத எத்தனால் வரை தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். 10 சதவீதம் வரை என்று போட்டிருக்கும் மெஷினில் இ-20 ஊற்றி பழுதானால் வாரண்டி கிடைக்குமா என்று கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். அன்றைக்கு வேண்டிய பெட்ரோலை அன்றைக்கே கலக்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மெஷினைத் தொடப் போவதில்லை என்றால் டாங்கியைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட விட்டு, பிறகு மூலையில் வையுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது.

பெங்களூரு போனால் லாபமா?

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். எந்தச் சாமான் என்றாலும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டுக்குப் போய்விடுவார்கள். 40 கிலோமீட்டர்தானே! ஒரு காலத்தில் இரண்டு மாநில வரி வேறு வேறாக இருந்ததால் அதில் அர்த்தம் இருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு வரியில் வித்தியாசம் இல்லை. இந்த மெஷினுக்கு அங்கேயும் 18 சதவீதம், இங்கேயும் 18 சதவீதம்.

பேரம் பேசி ஆயிரம், இரண்டாயிரம் குறையலாம். ஆனால் ஒவ்வொரு ரிப்பேருக்கும் ஒரு நாள் போகும். மேலே போட்ட கணக்குப்படி அந்த ஒரு நாளின் விலை 4 ஆயிரம்.

ஓசூரில் ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் பேலட் கம்பெனிகள், மர வியாபாரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கர்நாடக கடையில் அந்த மாநில வரி போட்டு பில் வாங்கினால், அந்த வரியைத் தமிழ்நாட்டுக் கணக்கில் கழிக்க முடியாது. உங்கள் எண்ணைச் சொல்லி, ஐஜிஎஸ்டி போட்ட பில்லாகக் கேட்டு வாங்க வேண்டும். பில்லே வேண்டாம், வரியைக் கழித்துத் தருகிறேன் என்றால் அதோடு வாரண்டியும் போச்சு.

போலி செயின், போலி பார் தொல்லையும் இருக்கிறது. பெட்டியில் ஒரு பேர், செயின் பல்லில் வேறு குறி அல்லது குறியே இல்லை என்றால் வாங்காதீர்கள். ஓடும்போது அறுந்த செயின் சாட்டை மாதிரி அடிக்கும்.

காலுக்கு என்ன விலை?

விலை பேசும்போது கடைசியாக வருவது பாதுகாப்பு. முதலில் வர வேண்டியது அதுதான்.

பாரின் நுனி, அதிலும் மேல் பாதி, மரத்தில் பட்டால் மெஷின் ஒரு நொடிக்குள் முகத்தை நோக்கி எகிறும். கண் இமைக்க நேரம் இருக்காது. அதற்காகத்தான் முன் கைப்பிடிக்கு முன்னால் பிரேக் இருக்கிறது. மெஷின் எகிறியதும் செயின் நின்று விட வேண்டும். பிரேக் இல்லாத மெஷின், பிரேக் இருந்தும் பிடிக்காத மெஷின், பிரேக்கைக் கழற்றிப் போட்ட மெஷின் மூன்றும் ஒன்றுதான். கடையில் ஓட விட்டு, பிரேக் போட்டு, செயின் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அறுந்த செயினைப் பிடிக்கும் கொக்கி அடியில் இருக்கிறதா, விசையைத் தவறுதலாக அழுத்தாமல் தடுக்கும் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதிர்வைக் குறைக்கும் ஸ்பிரிங் அல்லது ரப்பர் இல்லாத மெஷினை வருஷக் கணக்கில் பிடித்தால் விரல் மரத்து, வெளுத்துப் போகும் வியாதி வரும். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காது கேட்காமல் போன பிறகு மெஷின் நல்ல மெஷினா என்று கேட்டு என்ன லாபம்?

55 ஆயிரம் கொடுத்து மெஷின் வாங்கும் மேஸ்திரி, தலைக்கவசம், கண்ணாடி, காது மூடி, செயின் வெட்டாத கால் உறைக்கு சில ஆயிரம் செலவு செய்ய யோசிக்கிறார். லுங்கியைக் கட்டிக் கொண்டு, ரப்பர் செருப்போடு அறுக்கும் காட்சியைத்தான் எல்லா ஊரிலும் பார்க்கிறோம்.

மரம் வெட்டும் வேலையை 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே தன் பட்டியலில் வைத்திருந்தது. அதை உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு கேட்கும் உரிமை கூலித் தொழிலாளிக்கு உண்டு. ஆனால் யாரிடம் வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். துண்டுச் சீட்டிலாவது கூலிக் கணக்கை எழுதி வைத்துக் கொள்வது நல்லது.

மெஷின் இருந்தால் மட்டும் போதாது

மெஷின் வைத்திருப்பது குற்றம் இல்லை. எந்த மரத்தில் வைக்கிறோம் என்பதுதான் விஷயம். சந்தன மரம் சொந்தப் பட்டா நிலத்தில் இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் தொட முடியாது. ரோட்டோர மரம், புறம்போக்கு மரம் என்றால் மாவட்ட பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். காப்புக்காட்டில் மரம் வெட்டிப் பிடிபட்டால், 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி மரத்தோடு மெஷினும் வண்டியும் பறிமுதல் ஆகலாம். 60 ஆயிரம் ரூபாய் மெஷின் வன அலுவலகத்தில் துருப்பிடிக்கும்.

எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் வேலை எடுப்பவர்களுக்கு சட்டமே வேறு. அங்கே 1976-ம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம். சில மரங்களுக்கு விலக்கு உண்டு, மற்றதற்கு அனுமதி வேண்டும். நிலத்துக்காரர் வாயால் சொன்னால் போதாது, பேப்பரைப் பார்த்து விட்டுக் கயிறை இழுங்கள்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 2002 முதல் இந்த மெஷினுக்கு என்றே தனிச் சட்டம் இருக்கிறது. வாங்கவும் வைத்திருக்கவும் அனுமதி வேண்டும். இலங்கையில் 2018-ல் மெஷின் வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அரசு அலுவலகங்கள் எப்படி வாங்க வேண்டும்?

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையை அடித்த போதும், 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்ட போதும் முதல் தேவை மரம் அறுக்கும் மெஷின்தான். டெல்டாவில் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்து கிடந்தன. மரத்தை அறுத்தால்தான் ரோடு, ரோடு இருந்தால்தான் கரண்ட் கம்பம், குடிதண்ணீர் எல்லாம்.

மாநகராட்சி, நெடுஞ்சாலைத்துறை, மின்வாரியம், தீயணைப்புத்துறை எல்லோரும் மெஷின் வாங்குகிறார்கள். டெண்டரில் சிசியும் பார் நீளமும் மட்டும் எழுதினால், ஸ்டிக்கரில் பெரிய நம்பர் போட்டு குறைந்த விலை சொல்பவர்தான் ஜெயிப்பார். கிலோவாட் எவ்வளவு, பிரேக் உண்டா, மாவட்டத்துக்குள் சர்வீஸ் உண்டா, 5 வருஷத்துக்கு உதிரிபாகம் தருவாரா, ஊழியருக்குப் பயிற்சி தருவாரா என்று நிபந்தனையில் எழுத வேண்டும். வாங்கி ஷெட்டில் போடாமல், மாதம் ஒரு முறையாவது ஓட விட்டுப் பார்க்க வேண்டும். மழை கொட்டும் ராத்திரியில் கார்புரேட்டரைக் கழற்றிக் கொண்டு உட்கார முடியுமா?

ஆக, யார் எதை வாங்கலாம்?

தினமும் அறுப்பவர்கள், குழுவாக வேலை எடுப்பவர்கள்: 70 சிசி ரகத் தொழில்முறை மெஷின் ஒன்று, கிளை கழிக்க சின்ன மெஷின் ஒன்று. சர்வீஸ் கடை பக்கத்தில் உள்ள கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். கையில் எப்போதும் இரண்டு செயின், ஒரு பிளக், ஒரு ஸ்டார்டர் கயிறு, சரியான அளவு அரம் இருக்க வேண்டும்.

மா, தென்னை விவசாயிகள்: பெரிய கம்பெனியின் சின்ன மெஷின் போதும். 32-ல் இருந்து 45 சிசி வரை தாராளம். வேளாண் எந்திரங்களுக்கு மத்திய திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் இருக்கிறது. மானியப் பட்டியலில் இந்த மெஷின் இருக்கிறதா, எந்த மாடல் இருக்கிறது என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு விட்டு வாங்குங்கள். முதலில் வாங்கி விட்டுப் பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது.

வருஷத்துக்கு ஓரிரு நாள் வேலை உள்ளவர்கள்: வாங்கவே வேண்டாம். வாடகைக்கு எடுங்கள். அதைவிட நல்லது, தெரிந்த ஆளையே கூப்பிட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

மலிவு மெஷின்தான் வாங்க முடியும் என்பவர்கள்: வாங்குங்கள், தப்பில்லை. பிரேக் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கூட வரும் செயினுக்குப் பதில் நல்ல செயின் ஒன்று போடுங்கள். அதை நம்பி ஆள் வைத்துத் தினசரி வேலை எடுக்காதீர்கள்.

பஸ்சும் லாரியும் பைக்கும் செய்கிற ஊர் ஓசூர். ஐடிஐ படித்த பிள்ளைகளுக்கும் குறைவில்லை. மரம் அறுக்கும் தொழிலாளிக்கு செயின் தீட்டவும், பிரேக் சரி பார்க்கவும், பாதுகாப்பாக அறுக்கவும் இரண்டு நாள் பயிற்சி கொடுக்க இந்த ஊரில் ஆளா இல்லை, இடமா இல்லை? மாவட்ட நிர்வாகமும் தொழிலாளர் துறையும் இதைக் கவனிக்குமா என்பதே தொழிலாளர்களின் எதிர்பார்ப்பு.